தலையெழுத்தும் கடையெழுத்தும்

ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிடக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் படிப்பது எளிது. ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களை ஒரு வரிசையிலும், ஒரே எழுத்துகளில் முடியும் சொற்களை மற்றொரு வரிசையிலும் எழுதி வைத்துக்கொண்டால், ஒன்றின் பொருளைக்கொண்டு பத்தின் பொருளை ஊகித்துவிடலாம். முப்பதாண்டுகளுக்கு மேல் ஆங்கில ஆசிரியனாகப் பணியாற்றியவன் என்ற முறையில், இதன் பயனை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஆனால், விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் வாழ்கின்ற நாம் இம்முறையின் எல்லையையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும். மற்ற ஊர்களில் ஒரு சொல்லுக்குப் பொருளை மாற்றிக்கொண்டால் தேர்வில் மதிப்பெண் குறையும். வெடிமருந்து புழங்கும் நம் பகுதியில் இழப்பு அத்துடன் நின்றுவிடுவதில்லை.

முதலில் தலையெழுத்தைப் பார்ப்போம். ஐ, என் என்னும் இரண்டு எழுத்துகள் ஒரு சொல்லின் முன்னே நின்றால் பெரும்பாலும் 'இல்லை', 'அல்ல' என்ற பொருளைத் தரும். இன்கரெக்ட் என்றால் சரியல்லாதது. இன்விசிபிள் என்றால் கண்ணுக்குப் புலப்படாதது. இன்கம்ப்ளீட் என்றால் முற்றுப்பெறாதது. இன்டிபென்டென்ஸ் என்றால் பிறரைச் சாராதிருத்தல், அதாவது சுதந்திரம். அடுத்து வரும் எழுத்துக்கேற்ப இந்த 'இன்' தன் உருவத்தைச் சற்று மாற்றிக்கொள்வதும் உண்டு. இம்பாசிபிள் (இயலாதது), இல்லீகல் (சட்டத்திற்குப் புறம்பானது), இர்ரெகுலர் (ஒழுங்கற்றது) ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துவந்த ஒரு மாணவி இந்தப் பட்டியலை எழுதி முடித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், நெடுஞ்சாலையில் போகும் பெட்ரோல் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருக்கிறார்களே. ஃபிளேம் என்றால் சுடர். 'இன்' என்றால் இல்லை. அப்படியானால் அது தீப்பிடிக்காத பொருள் என்றுதானே ஆகிறது?"

அவள் வந்த வழியில் பிழையில்லை. ஆனால் வந்து சேர்ந்த இடம் ஆபத்தானது. இலத்தீன் மொழியில் இரண்டு 'இன்' உண்டு. ஒன்று 'இல்லை' என்பது. மற்றொன்று 'உள்ளே' என்பது. உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். தீ மூட்டுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது இன்ஃபிளேமபிள். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே அதன் பொருள். 'இன்' இல்லாமல் வெறுமனே ஃபிளேமபிள் என்றாலும் பொருள் அதுவே. தீப்பற்றாதது என்று சொல்ல வேண்டுமானால் 'நான் ஃபிளேமபிள்' என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் குழப்பம் அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் தடுமாறக்கூடும் என்று கருதித்தான், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே 'இன்' இல்லாத சொல்லை மட்டும் பயன்படுத்துமாறு வலியுறுத்தத் தொடங்கியது. நம் நாட்டு லாரிகளில் பழைய சொல்லை இன்றும் காணலாம்.

இப்படிப்பட்ட மயக்கம் ஆங்கிலத்திற்கு மட்டுமே உரியதா? இல்லை. அநீதி, அசுத்தம் என்பவற்றில் 'அ' மறுப்பைக் குறிக்கிறது. அதற்காக அமைதி, அடக்கம் என்பவற்றின் 'அ'வையும் மறுப்பு என்று கொள்வோமா? நம் வீடுகளில் புழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். லாவாரிஸ் என்றால் வாரிசு இல்லாதவர். ஆனால் லாயக்கு என்பதிலுள்ள 'லா' மறுப்பன்று. அது அச்சொல்லின் வேரிலேயே உள்ளது. லாஜவாப் என்றால் 'பதில் இல்லை' என்பது நேர்ப்பொருள்; ஆனால் ஈடிணையற்றது என்று புகழ்வதற்கே அதைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இன்வேல்யுபிள் என்பதும் அப்படித்தான். மதிப்பற்றது என்பதன்று அதன் பொருள். விலை மதிப்பிட முடியாதது என்பதாகும்.

இனிக் கடையெழுத்துக்கு வருவோம். அம்மாணவியின் தந்தை ஒரு பட்டாசு ஆலையில் மருந்துக் கலவைப் பிரிவில் வேலை செய்பவர். தமிழ் நன்றாகப் படிப்பார், ஆங்கிலம் அறியார். மூலப்பொருள்கள் வரும் சாக்குகளை அவற்றின் நிறத்தையும் அச்சிட்ட அடையாளத்தையும் வைத்தே இனங்கண்டு வந்தார். "சாக்கு மாறி வந்தால் அத்தாவுக்கு என்ன தெரியும்?" என்று என் மகள் கேட்டபோதுதான், இப்பாடத்தின் அவசியம் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

குளோரைடு, குளோரைட்டு, குளோரேட்டு ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எட்டு எழுத்துகள். முதல் ஐந்தும் கடைசி ஒன்றும் மூன்றுக்கும் பொது. இடையிலுள்ள இரண்டு எழுத்துகள் மட்டுமே மாறுகின்றன. நைட்ரைடு, நைட்ரைட்டு, நைட்ரேட்டு என்பவையும் அவ்வாறே.

இந்த ஈரெழுத்து மாற்றம் எதைக் குறிக்கிறது? 'ஐடு' என்று முடிந்தால் பெரும்பாலும் அதில் ஆக்சிஜன் இல்லை. 'ஐட்டு' என்றால் உண்டு. 'ஏட்டு' என்றால் அதைவிட மிகுதியாக உண்டு. குளோரைட்டில் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டு, குளோரேட்டில் மூன்று, 'பெர்' என்ற முன்னொட்டும் சேர்ந்து பெர்குளோரேட்டு ஆகிவிட்டால் நான்கு. நெருப்பு உயிர்வாழ்வது ஆக்சிஜனால் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சோடியம் குளோரைடு நாம் சோற்றில் இடும் உப்பு. பொட்டாசியம் குளோரைடு நம் உழவர்கள் வயலுக்கு இடும் பொட்டாஷ் உரம். அதே பொட்டாசியம் குளோரேட்டாகிவிட்டால் தீக்குச்சியின் முனையில் இருக்கும் மருந்தாகிறது. கந்தகத்துடன் கலந்த குளோரேட்டு, தட்டினாலும் உராய்ந்தாலும்கூட வெடிக்கக்கூடியது. அதனாலேயே குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளை மத்திய அரசு 1992ஆம் ஆண்டு தடைசெய்தது. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டு பட்டாசுக்கு இன்றியமையாதது. பச்சை ஒளி தரும் பேரியம் நைட்ரேட்டோ, பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஆணையிட்டபின் விலக்கப்பட்டதாயிற்று. ஆக, ஒரு பெயரைப் பிழையின்றிப் படிப்பதில் உயிரும் அடங்கியிருக்கிறது, பிழைப்பும் அடங்கியிருக்கிறது.

விபத்துகளுக்கெல்லாம் எழுத்தறியாமையே காரணம் என்று நான் சொல்லவில்லை. வெப்பம், உராய்வு, அளவுக்கு மீறிய கையிருப்பு, ஓர் அறையில் அனுமதிக்கப்பட்டதற்கு மேல் ஆட்கள் என்று காரணங்கள் பல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை இவ்வட்டாரம் மறக்காது. உதவிக்கு ஓடியவர்களும் அதில் மாண்டார்கள். காரணங்கள் பலவாக இருக்கையில், நம் கையால் அகற்றக்கூடிய ஒன்றையாவது அகற்றலாமே என்பதுதான் என் எண்ணம்.

அம்மாணவி ஓர் அட்டையை எடுத்து, ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் தமிழிலும் இருபது சொற்களை எழுதினாள். மாறுகின்ற அந்த இரண்டு எழுத்துகளை மட்டும் சிவப்பு மையால் எழுதித் தன் தந்தையிடம் கொடுத்தாள். நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் மகள் ஆசிரியை; தந்தை மாணவர். சில வாரங்கள் கழித்து, ஆலைக்குப் புது நிறச் சாக்கு ஒன்று வந்தது. அவர் அதை உடனே பிரிக்காமல் எழுத்துக் கூட்டிப் படித்தார். பின்னர் போர்மேனை அழைத்துக் கேட்டார். அது வரவேண்டிய வெடியுப்புதான். ஆயினும், "வாத்தியாரய்யா, இத்தனை வருசத்தில் இன்றைக்குத்தான் தெரிந்து பிரித்தேன்" என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் கண்ட நிறைவை, முதல் மதிப்பெண் பெற்ற எந்த மாணவனிடமும் நான் கண்டதில்லை.

1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இந்த வறண்ட பூமிக்கு வாழ்வளித்தார்கள். கற்றுவந்தவர்களால் தழைத்த தொழில் இது. இதில் பாடுபடுவோரும் கற்க வேண்டியது நியாயமே. பட்டாசு ஆலை இல்லாத ஊர்களிலும் பூச்சிமருந்துப் புட்டி, அடுப்பெரிவாயு உருளை, மாத்திரை அட்டை ஆகியவை இல்லாத வீடு இல்லை. அவற்றின் மீதும் ஆங்கில எச்சரிக்கைகள் இருக்கின்றன.

ஆகவே, மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகள் பாடம் படிக்க அமரும் வேளையில் பத்து நிமிடங்களை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள பொருள்களின் மீது அச்சிட்டிருக்கும் சொற்களை அவர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். தலையெழுத்தைப் பார்த்துப் பொருளை ஊகிக்கலாம். கடையெழுத்துவரை படித்த பிறகே கையை நீட்ட வேண்டும்.