இரண்டாம் அம்பு

புத்த சமயத்தை யான் முதன்முதல் அறிந்தது அச்சமயத்தார் நூல்களால் அன்று. அதனை மறுக்கும் நம் நூலால். சிவஞான சித்தியார் பரபக்கத்திலே சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்னும் நால்வகைப் பௌத்தர் கொள்கைகளும் எடுத்துரைக்கப்பட்டு மறுக்கப்படுகின்றன. இளமையில் அப்பகுதியைப் பாடங் கேட்ட காலத்தில், புத்தர் என்பவர் வாதத்தில் வெல்லப்படவேண்டிய ஒரு பிரதிவாதி என்ற அளவிலேயே என் உள்ளத்தில் நின்றார். துன்புறும் ஒருவனை நோக்கி அவர் யாது கூறினார் என்று வினவ எனக்குத் தோன்றவில்லை. என்னை? அந்நாளில் எனக்குத் துன்பம் என்பது ஒரு சொல்லாகவே இருந்தது.

2011-ஆம் ஆண்டில் என் அன்னையார் சிவபதம் எய்தினார்கள். அதற்கு முன் எட்டுத் திங்கள் படுக்கையில் இருந்தார்கள். அவர்களைப் பேணுதற்குக் கணவனை இழந்த ஓர் ஏழை அம்மையாரை அமர்த்தியிருந்தேன். இரவு பகல் பாராது, முகஞ் சுளியாது, பெற்ற மகளும் செய்ய அஞ்சும் பணிகளை அவர் செய்தார். இறுதி நாள் இரவில் அவர் அயர்ந்து உறங்கிவிட்டார். விடியுமுன் அன்னையாரின் உயிர் பிரிந்தது. யான் துயரத்தால் அறிவிழந்து, உற்றாரும் ஊராரும் கேட்க, அவ்வம்மையாரே அன்னையாரைக் கொன்றார் என்னும் பொருள்படப் பேசினேன். அம்மாதத்துச் சம்பளத்தையும் கொடாமல் அனுப்பிவிட்டேன். அவ்விரவில் யானும் அடுத்த அறையில் உறங்கிக்கொண்டுதான் இருந்தேன். அதனை அவர் எடுத்துச் சொல்லவில்லை. யானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாண்டு கழித்து, 2014-இல், அன்னையார் பொருட்டுக் காசிக்குச் சென்று, கங்கையாடி, விசுவநாதரை வழிபட்டேன். அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் சாரநாத் உளது. உடன்வந்த அன்பர் அழைக்க, காட்சிப் பொருளாகவே அதனைக் காணச் சென்றேன். ஞானம் பெற்ற புத்தர், முன்பு தம்முடன் தவஞ் செய்து பின் தம்மை வெறுத்துப் பிரிந்த ஐவருக்குத் தம் முதலறவுரையைக் கூறிய மான் சோலை அதுவே. தாமேக் தூபியும், அசோக மன்னர் நாட்டிய தூணின் உடைந்த பகுதியும் அங்கு உள்ளன. அத்தூணின் உச்சியிலிருந்த சிங்க வடிவமே 1950-ஆம் ஆண்டு நம் நாட்டின் இலச்சினையாயிற்று. அங்கு வாங்கிய சிறு மொழிபெயர்ப்பு நூல் ஒன்றை ஊர் திரும்பும் வழியிற் படித்தேன்.

அம்முதலறவுரையின் பொருள் நான்கு வாய்மைகள். துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அதற்கு முடிவு உண்டு, அம்முடிவுக்கு வழி உண்டு. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு, வெறுத்தாரோடு கூடல், விரும்பினாரைப் பிரிதல், வேண்டியது பெறாமை என்பனவெல்லாம் துன்பம். காரணமாவது வேட்கை. வழியாவது நற்காட்சி, நல்லெண்ணம், நற்சொல், நற்செயல், நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நற்சமாதி என்னும் எட்டு. நோயும் காரணமும் நோய்த் தீர்வும் மருந்தும் கூறும் மருத்துவனது முறை இது என்று அச்சமயத்துப் பெரியோர் விளக்குவர்.

இதனைப் படித்தபோது ஓர் ஐயம் எழுந்தது. துன்பம் என் நெஞ்சிலுள்ளது. அதனைத் தீர்க்கும் வழியில் பிறரிடம் பேசுஞ் சொல்லுக்கும், பிறர்க்குச் செய்யுஞ் செயலுக்கும், பொருளீட்டும் முறைக்கும் இடம் எதற்கு? நோய் ஒருவனுடையதாயிருக்க, மருந்தில் அயலார் ஏன் வந்தனர்?

விடை பிறிதோர் அறவுரையிற் கிடைத்தது. சங்யுத்த நிகாயத்தில் அம்பு பற்றியதொரு சூத்திரம் உளது. அறிவில்லாதானும் அறிவுடையானும் ஆகிய இருவரையும் நோவு தாக்கும், அதில் வேறுபாடில்லை. அறிவில்லாதானோ நோவு வந்தவிடத்துப் புலம்பி, மார்பிலடித்து மயங்கி, உடல் நோவின்மேல் மன நோவும் எய்துகின்றான். அம்பொன்று தைத்தவனை இரண்டாவதும் ஓர் அம்பு தைத்தாற் போன்றது அவன் நிலை. அறிவுடையானுக்கு முதலம்பு மட்டுமே உண்டு.

நூலை மூடிவிட்டேன். அன்னையாரைப் பிரிந்தது முதலம்பு. அதனை ஒருவரும் தடுத்திருக்க முடியாது. ‘இது நிகழ்ந்திருத்தலாகாது, இதற்கு ஒருவர் குற்றவாளியாக வேண்டும்’ என்று என் மனம் கொண்ட கொதிப்பே இரண்டாம் அம்பு. அவ்வம்பு என் நெஞ்சோடு நில்லாமல் ஊடுருவிச் சென்று, குற்றமற்ற வேறொருவர் நெஞ்சிலும் தைத்தது. அயலார் மருந்தினுள் வந்த காரணம் அப்பொழுது விளங்கிற்று. தன் துன்பத்தைத் தாங்க மாட்டாதவன் அதனைப் பிறர்மேல் ஏற்றுவான். ஆகலின் துன்ப நீக்கமும் ஒழுக்கமும் இரண்டல்ல, ஒன்றே.

அந்நூலிலேயே இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குக் கூறிய அறவுரையும் இருந்தது. தந்தை சொற்படி ஆறு திசைகளையும் தொழுது நின்ற அவனுக்கு, பெற்றோரும் ஆசிரியரும் மனைமக்களும் நண்பரும் பணியாளரும் துறவோருமே அவ்வாறு திசைகள் என்று புத்தர் உணர்த்தினார். பணியாளர்க்குத் தலைவன் செய்யத்தகுவன ஐந்து: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயிற் பேணுதல், அரிய உணவைப் பகிர்தல், உரிய காலத்து ஓய்வு தருதல். எட்டுத் திங்கள் ஓரிரவேனும் முழுதுறங்க விடாத ஒருவரை உறங்கினார் என்று பழித்த யான், இவ்வைந்தில் எதனைச் செய்தேன்?

2015-இன் தொடக்கத்தில் அவ்வம்மையார் இருக்குமிடத்தை உசாவிச் சென்றேன். கொடாத சம்பளத்தை முன்வைத்துப் பிழை பொறுக்குமாறு வேண்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “ஐயா, அன்று நடுநிசியில் அம்மா தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன். உங்களை எழுப்பட்டுமா என்றேன். ‘வேண்டாம், பிள்ளை களைத்திருக்கிறான், உறங்கட்டும்’ என்றார்கள். அதன்பின் பேசவில்லை. இதை உங்களிடம் சொல்லவேண்டுமென்று இருந்தேன், நீங்கள் கேட்கும் நிலையில் இல்லை” என்றார்.

என் அன்னையார் எனக்கு விட்டுச்சென்ற இறுதி மொழி அது. என் சினத்தால் நான்காண்டு அதனை இழந்திருந்தேன்.

நிற்க. சைவனாகிய யான் புத்தர் கொள்கை முழுவதற்கும் உடன்பட்டேனல்லேன். நிலையான ஆன்மா இல்லை என்பது அவர் துணிபு. அம்பும் நோவும் உளவாயின் தைக்கப்பட்டவனும் உளன். அவனுக்கன்றோ மருத்துவம் என்பது நம் துணிபு. அவர் வேட்கை என்றதன் அடியில் நம் ஆசிரியர்கள் ஆணவமலத்தைக் கண்டனர். அம்மலத்தை உயிர் தன் முயற்சி ஒன்றாலேயே நீக்கிக்கொள்ள மாட்டாது, திருவருள் வேண்டும் என்றனர். அவ்வம்மையார் வீட்டிலிருந்து திரும்பிய மாலையில் என் கால்கள் என்னைச் சிவன் கோயிலுக்கே கொண்டு சென்றன. அழுவதற்கு எனக்கு ஒரு சந்நிதி வேண்டியிருந்தது. எனினும், அழவேண்டியது எதன்பொருட்டு என்று காட்டியவர் புத்தரே. அந்நன்றியை மறைத்தல் சைவம் ஆகாது.

சங்கமங்கையிற் பிறந்து, காஞ்சியிற் புத்த சமயம் புகுந்து, அவ்வேடம் நீங்காமலே நாள்தோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வழிபட்ட சாக்கிய நாயனாரை அன்று நினைந்தேன். அன்பினால் எறிந்தமையின் அவர் கல் மலராயிற்று. யான் சைவ வேடம் பூண்டு, நீறணிந்த நெற்றியோடு, ஓர் ஏழையின்மேல் எறிந்த சொல் கல்லாகவே இருந்தது. வேடம் எதுவாயினும், எறியும் உள்ளம் எத்தகையது என்பதையே இறைவன் நோக்குவான் போலும்.

திருச்சிற்றம்பலம்.