பூட்டாத மூடி

சென்ற கோடையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழும் என் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு நாள் மருமகன் என்னையும் பேரனையும் தம் ஜெட் படகில் ஏரிக்கு அழைத்துச் சென்றார்.

இவ்வகைப் படகுக்கு வெளியே சுழலும் விசிறி இல்லை. அடிப்புறத் துவாரத்தின் வழியே வரும் நீரை உள்ளிருக்கும் சுழலி பின்னோக்கிப் பீய்ச்ச, படகு முன்னே பாய்கிறது. நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக 1950களில் ஹாமில்டன் என்பார் செம்மைப்படுத்திய முறை இது. ஆயினும் நீருடன் கொடியும் கயிறும் புகுந்து சிக்கிக்கொள்வதுண்டு. அவற்றைக் கையால் அகற்றவே பின்புறத்தில் மூடியிட்ட வாய் ஒன்றை அமைத்திருக்கின்றனர்.

அன்றும் நீர்க்கொடி சிக்கிற்று. மருமகன் பொறியை நிறுத்தி, சாவியைத் தம் சட்டைப்பையில் இட்ட பின்னரே மூடியைத் திறந்தார். "உள்ளே கை இருக்கும்போது யாரும் பொறியை இயக்கிவிடக் கூடாது, மாமா" என்றார். கொடி அகன்றதும், மூடியை நான் போடுவதாக முன்வந்தேன். அழுத்தி வைத்தேன், பிடியை முழுதும் திருப்பிப் பூட்டினேனா என்று பார்க்கவில்லை.

படகு வேகமெடுத்ததும் மூடி தெறித்தது, நீர் பீறிட்டது. பேரன் அலறினான். மருமகன் உடனே பொறியை நிறுத்தினார். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தார். பொருத்திப் பூட்டிய பின் ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

எழுதியதை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வருபவன் நான். கரை சேரும்வரை அம்மூடியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.