எட்டாதென்று எவர் சொன்னது?

"சார்! மணல் கணக்குப் போடுமா?"

ஒன்பதாம் வகுப்பிலே, தொழிற்புரட்சி பற்றிய வரலாற்றுப் பாடத்தின் நடுவிலே எழுந்த கேள்வி இது. கேட்டவள், பள்ளிப்பட்டிலே தறியோட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் பெண். ஜக்கார்டு என்னும் பிரெஞ்சுக்காரர், 1804ஆம் ஆண்டிலே, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறிக்குப் பூவேலை கற்றுக்கொடுத்த கதையைச் சொன்னோம். அந்த அட்டையின் வழிவந்ததுதான் இன்றைய கணிப்பொறி என்று கூறி, கம்பீரமாகப் பாடத்தை முடித்தோம். அவள் விடவில்லை.

"தறிக்கு அட்டை இருக்கு சார், எங்க வீட்டிலேயே பார்க்கிறேன். கணிப்பொறிக்குள்ளே இருக்கிற சில்லு மணல்லேருந்து வர்றதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? மணல் எப்படிக் கணக்குப் போடும்?"

நாம் என்ன விடை கூறினோம்? இன்று எழுதவும் நாணுகிறோம்.

"அதெல்லாம் பெரிய படிப்பம்மா, பொறியியல் படித்தவர்களுக்குத்தான் விளங்கும். உனக்கும் எனக்கும் எட்டாது!"

வகுப்பு அடங்கிற்று. அவளும் அமர்ந்தாள். மணி அடித்தது. ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் நம்மோடு வீடுவரை நடந்து வந்தது. எட்டாது! யார் சொல்லிய சொல் அது? ஏட்டைத் தொடாதே, அது உனக்கு எட்டாது என்று நம் பாட்டனிடம் சொன்னார்களே, அந்தச் சொல். பெண்ணுக்குப் படிப்பு எட்டாது என்று நம் பாட்டியை அடுக்களையில் நிறுத்தினார்களே, அந்தச் சொல். அந்தச் சொல்லின் கொடுமையை வரலாற்றுப் பாடத்திலே விளக்கிவிட்டு, அதே சொல்லை அதே வகுப்பிலே, அதே நாவால் நாமே மொழிந்தோம்!

மேலும் ஒன்று நடந்தது. சில நாட்களுக்குப் பின் அவளுடைய தந்தையைக் கடைத்தெருவிலே கண்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தார் சுற்ற வைக்கப்போவதாகக் கூறினார். "ஏன்?" என்றோம். "மேற்படிப்பெல்லாம் நமக்கு எட்டாதுங்க சார்!" என்றார். மறுத்துப் பேச வாயெடுத்தோம், வார்த்தை வரவில்லை. எப்படி வரும்? மகளிடம் நாம் சொன்னதைத்தானே தந்தை நம்மிடம் திருப்பிச் சொன்னார்!

அன்றிரவே முடிவு செய்தோம்: கற்பது. நாம் பெற்றதோ கலைப் பட்டம். ஆண்டுகளும் அரசர்களும் அறிவோம். மின்சாரத்தைப் பற்றி அறிந்ததெல்லாம், அது கட்டணம் கேட்கும் என்பதே! கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவர், சில்லு வடிவமைக்கும் பணியில் இருப்பவர், பழைய நூல் ஒன்றைத் தந்தார். கார்வர் மீட், லின் கான்வே என்னும் இருவர் எழுதி 1980இல் வெளிவந்த, பேரளவு ஒருங்கிணைந்த மின்சுற்றுகளை வடிவமைக்கக் கற்றுத்தரும் பாடநூல். அவர் பயன்படுத்தி ஒதுக்கிய மடிக்கணினி ஒன்றையும் உடன் கொடுத்தார்.

அந்த நூலின் அருமை விளங்க வேண்டுமானால், அது வருமுன் இருந்த நிலையை அறிய வேண்டும். 1958இல் ஜாக் கில்பி, ஒரே துண்டுப் பொருளிலே முழு மின்சுற்றை அமைத்துக் காட்டினார். 1959இல் ராபர்ட் நாய்ஸ், சிலிக்கான் தகட்டின் மேலேயே உலோக இணைப்புகளைப் படியவைத்துப் பெருவாரியாகச் செய்யும் வழியைக் கண்டார். 1971இல் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 4004 என்னும் சில்லை இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அவற்றை வரையும் கலை, நிறுவனங்களின் மதிலுக்குள்ளே, ஒருவர் மற்றவர் காதிலே ஓதும் தொழில் மறையாகவே கிடந்தது. மறை என்றாலே அதைக் காக்க ஒரு கூட்டம். கேட்கக்கூடாதவர் என்று ஒரு கூட்டம்!

மீட்டும் கான்வேயும் அந்த மதிலை உடைத்தனர். நூற்றுக்கணக்கான தொழிற்சாலை விதிகளைச் சுருக்கி, ஒரே அளவுகோலில் அடக்கினர். அந்த அளவுக்கு லாம்டா என்று பெயர். இந்தக் கோடு இரண்டு லாம்டா அகலம், அந்த உலோகக் கம்பி மூன்று லாம்டா அகலம், இவ்வளவே. தொழிற்சாலை நுட்பம் வளர்ந்து கோடுகள் மெலிந்தால், லாம்டாவின் மதிப்பை மாற்றினால் போதும். வரைபடம் அப்படியே நிற்கும். 1978இல் எம்.ஐ.டி. என்னும் அமெரிக்கக் கல்விக்கூடத்திலே கான்வே இதைப் பாடமாக நடத்தினார். மாணவர்கள் தாமே சில்லுகளை வரைந்தனர்; வரைந்தவை வார்க்கப்பட்டுச் சில வாரங்களிலே அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன.

அந்தக் கான்வே யார் தெரியுமா, தோழர்களே? ஆணென்று உலகம் குறித்த உடலிலே பிறந்து, பெண்ணாக வாழத் துணிந்த திருநங்கை. அதற்காகவே 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கிற்று. பெயரையும் பழைய பெருமையையும் துறந்து, அடிமட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கி, உலகெங்கும் மாணவர்கள் ஓதும் நூலைப் படைத்தார். அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல் — ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து! 2024இல் அவர் மறைந்தார். வாயிலிலே நிறுத்தப்பட்டவர்தான், பிறருக்கு வாயிலைத் திறந்துவிட்டார்.

நூலைத் திறந்தோம். முதல் பத்துப் பக்கத்தை மூன்று இரவுகள் படித்தோம்; மூன்று இரவும் தோற்றோம். நான்காம் இரவு, கொசஸ்தலை ஆற்றங்கரையும் அதன் பாசன வாய்க்காலும் நினைவுக்கு வந்தன, உடனே விளங்கிற்று. டிரான்சிஸ்டர் என்பது ஒரு மதகு! வாய்க்காலிலே ஓடுவது தண்ணீர் அன்று, மின்னோட்டம். மதகைத் திறப்பது கை அன்று, மின்னழுத்தம்.

மணலிலிருந்து பிரித்த சிலிக்கானை, நூறு கோடி அணுவிலே ஒன்றுகூட அயலாக இல்லாத அளவுக்குத் தூய்மை செய்கிறார்கள். பிறகு வேண்டிய இடத்திலே மட்டும் போரானோ பாஸ்பரசோ சிறிதளவு கலந்து, மின்னோட்டத்துக்கு வாய்க்கால் அமைக்கிறார்கள். அதன் குறுக்கே, மிக மெல்லிய கண்ணாடிப் படலத்தின் மேல், மதகுப் பலகைபோல் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், கண்ணாடிக்குக் கீழே மின்துகள்கள் ஈர்க்கப்பட்டு வழி திறக்கிறது. நிறுத்தினால் வழி மூடுகிறது. மந்திரம் இல்லை, மாயம் இல்லை, மதகுதான்!

இரண்டு மதகுகளை ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள்: இதுவும் அதுவும் திறந்தால்தான் ஓட்டம். பக்கம்பக்கமாக வையுங்கள்: இது அல்லது அது திறந்தால் போதும். திறந்தால் மூடும், மூடினால் திறக்கும் ஒன்றையும் சேருங்கள்: 'இல்லை' என்னும் சொல் கிடைக்கிறது. 'உம்', 'அல்லது', 'இல்லை' — மொழி கற்பிக்கும் ஆசிரியர் அறியாத சொற்களா இவை? இந்தச் சொற்களால் சிந்தனைக்கே கணிதம் எழுதலாம் என்று 1854இல் ஜார்ஜ் பூல் காட்டினார். அந்தக் கணிதத்தை மின் விசைகள் செய்யும் என்று 1937இல் கிளாடு ஷானன் நிறுவினார்.

இன்றைய முறையிலே, 'இரண்டும் உண்டு என்பதில்லை' என்று சொல்லும் சுற்றுக்கு நான்கு டிரான்சிஸ்டர்கள் போதும். அத்தகைய சுற்று ஒன்பதைக் கோத்தால், எடுத்து வந்த இலக்கத்தையும் சேர்த்துக் கூட்டும் கூட்டல் சுற்று ஒன்று பிறக்கிறது. ஆக, முப்பத்தாறு மதகுகள்! அவை செய்வது நாம் இரண்டாம் வகுப்பிலே விரல்விட்டுச் செய்த கூட்டல். கைப்பேசிச் சில்லிலே ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட மதகுகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் மதகே. கணக்குப் போடுவது மணல் அன்று. மனிதன் மணலிலே வகுத்த ஒழுங்கு!

இனி வரைய வேண்டும். நூல் வண்ணங்களால் பேசுகிறது. வாய்க்காலுக்குப் பச்சை, மதகுக் கோட்டுக்குச் சிவப்பு, உலோகக் கம்பிக்கு நீலம். பச்சையைச் சிவப்பு குறுக்கிட்ட இடத்திலே டிரான்சிஸ்டர் உண்டாகிறது. கட்டம் போட்ட தாளிலே வரைந்தோம். நண்பர் தந்த மடிக்கணினியில், விலையின்றிக் கிடைக்கும் மேஜிக் என்னும் வரைபட மென்பொருளிலே அதை ஏற்றினோம். விதி மீறிய இடங்களையெல்லாம் புள்ளியிட்டுக் காட்டிற்று அது. படம் முழுவதும் புள்ளி! பச்சையின் விளிம்போடு சிவப்பை நிறுத்தியிருந்தோம். இரண்டு லாம்டா வெளியே நீட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஏன் என்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை.

மறுநாள் வகுப்பிலே, முதலில் ஒரு கடனைத் தீர்த்தோம். "அன்றைக்கு உனக்கும் எனக்கும் எட்டாது என்று சொன்னேன்; அது தவறு. எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்" என்றோம். தலை தாழவில்லை, தோழர்களே, சுமை இறங்கிற்று! பிறகு கரும்பலகையிலே வாய்க்காலையும் மதகையும் வரைந்து, நமக்கு விளங்காத அந்த விதியையும் சொன்னோம்.

அவள் எழுந்தாள். "பலகை வாய்க்கால் அகலத்துக்குச் சரியா இருந்து, கொஞ்சம் நகர்ந்துட்டா, ஓரமாத் தண்ணி போயிடுமே சார்! அதான் ரெண்டு பக்கமும் கரைக்குள்ளே ஏத்தி வைக்கிறாங்க!"

அதுதான் விடை! ஒவ்வொரு படலத்தையும் தனித்தனியே பதிக்கும்போது சிறிது விலகல் நேரும். சிவப்பு குறைந்துபோனால், மூடிய மதகின் ஓரமாக மின்னோட்டம் கசியும். மதகு மதகாக இராது. நாம் பல இரவுகள் விளங்காது விழித்ததை, வயலோரம் நடந்து வரும் பெண் நொடியிலே சொன்னாள். எட்டாதாம் அவளுக்கு!

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குச் சென்றோம். இந்த ஊர், 1960இல் படாஸ்கர் பரிந்துரையின்படி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த எல்லைப்புறம். வீட்டிலே தெலுங்கு, பள்ளியிலே தமிழ், பொறியியல் நூலிலோ ஆங்கிலம் என மூன்று வேலிகளைத் தாண்ட வேண்டிய பிள்ளைகள் பலர். தந்தையார் தறியை நிறுத்திவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"பூ போடற டிசைன் தாள் மாதிரி இருக்குதே சார். எது மேல வருது, எது கீழ வருது?"

வியந்து நின்றோம். சில்லு வரைபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே அல்லவா! பச்சை அடியில், சிவப்பு அதன்மேல், நீலம் எல்லாவற்றுக்கும் மேல் என்றோம். இன்றைய சில்லுகளிலே உலோகப் படலங்கள் பல உண்டு. ஒன்று நெடுக ஓடினால் அடுத்தது பெரும்பாலும் குறுக்கே ஓடும். வேண்டிய இடத்திலே துளையிட்டு இணைப்பார்கள் என்றும் சொன்னோம்.

"பாவும் ஊடையும்!" என்றார் அவர். சிறிது நேரம் தாளையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். "பன்னிரண்டு வரைக்கும் படிக்கட்டும் சார். அப்புறம் பார்க்கலாம்."

அப்புறம் என்ன? அதை நாம் அறியோம். ஆனால் வழி இருக்கிறது என்பதை அவருக்கு எடுத்துக் கூறினோம். நம் நாட்டுச் சில்லுத் தொழிலும் தடுக்கி விழுந்து எழுந்ததுதான். சண்டிகரை அடுத்த மொகாலியில் 1984இல் உற்பத்தி தொடங்கிய அரசுச் சில்லுத் தொழிற்சாலை, 1989இல் தீக்கிரையாகி, மீண்டும் எழ நெடுங்காலம் ஆயிற்று. இங்கிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்திலே இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யிலே, சக்தி என்னும் செயலிகளை வடிவமைத்தார்கள். 2018இல் அவற்றுள் ஒன்று அமெரிக்காவிலே வார்க்கப்பட்டு வந்தது. ஒன்று அதே மொகாலியிலே வார்க்கப்பட்டது. வடிவத்தை மறைத்து வைக்காமல், எவரும் எடுத்துப் பயில வெளியிட்டும் வைத்தார்கள். சென்னையிலே வரைய முடியுமானால், பள்ளிப்பட்டிலே படிக்க முடியாதா?

நாம் பொறியாளர் ஆகிவிடவில்லை. நூலிலே பாதிதான் கடந்திருக்கிறோம். மீதியிலே கணிதம் மலைபோல் நிற்கிறது. ஆயினும் சனிக்கிழமை மாலையிலே ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பக்கத்தை நாம் தமிழிலே சொல்வோம், அவர்கள் வரைவார்கள். விளங்காத இடத்திலே, விளங்கவில்லை என்று உரக்கச் சொல்வது எங்கள் வகுப்பின் முதல் விதி.

பட்டம் பெற்ற இளைஞர்களே! உங்கள் துறை அல்லாத நூல் ஒன்றை எடுங்கள். தோற்றுத் தோற்றுப் படியுங்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவிலே, உங்கள் ஊர்ச் சொல்லிலே, உங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாதென்று கூறுங்கள், அது இழிவன்று. எட்டாது என்று மட்டும் கூறாதீர். அது அறியாமை தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் மகுடம். பிறர் காலுக்கு இடும் விலங்கு.

மணலிலே மதகு அமைத்தான் மனிதன். மனத்திலே நாம் அடைத்து வைத்திருக்கும் மதகைத் திறக்கவா முடியாது?