எடைக்குப் பிறந்த கியர்பாக்ஸ்

என்னிடம் இருக்கும் ராணுவ ஜீப்பின் முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். அதை வைத்தே அது வில்லிஸ் கம்பெனி செய்த எம்பி என்று சொல்லிவிடலாம். ஆனால் இழுவையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸை கியர்பாக்ஸோடு இறுக்கியிருந்த போல்ட்டுகளின் தலையில் கிரீஸைத் துடைத்துப் பார்த்தபோது, ஃபோர்டு கம்பெனியின் ‘எஃப்’ எழுத்து தெரிந்தது.

கியர்பாக்ஸைத் திறந்தது போடிநாயக்கனூரில், ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வந்து நிற்கும் ஒரு பட்டறையில். மகிந்திரா கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிற மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்ன சார், ஸ்கூட்டருக்குச் செஞ்ச பல்லைக் கொண்டாந்து ஜீப்புக்குள்ள வச்சிருக்கான்?”

“அதைத்தான்ணே நானும் தேடணும்” என்றேன்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. ஃபர்ஸ்ட் கியரின் பல் முனைகள் எல்லாம் உடைந்து மழுங்கியிருந்தன. கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ ஃபர்ஸ்டுக்குக் கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபர்ஸ்டைத் திணித்த ஒவ்வொரு டிரைவரும் அதில் ஒரு சில்லு பெயர்த்திருக்கிறார். செகண்டில் ஏறும்போது காலை எடுத்தால் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். இந்தப் பெட்டிக்கு உலகம் முழுக்க உள்ள புகாரே இதுதான்.

ஃபோர்டு எழுத்தின் கதை சீக்கிரம் பிடிபட்டது. 1941 நவம்பரில் ஃபோர்டுக்குக் கிடைத்த ஒப்பந்தம், வில்லிஸின் வரைபடத்தை வைத்து அதே ஜீப்பைச் செய்து கொடுக்கத்தான். ஒரு கம்பெனியின் பாகம் மற்றதன் வண்டியில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. ஃபோர்டு தன் பாகங்களில் ‘எஃப்’ குத்தி அனுப்பியது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து செய்தவை 6 லட்சத்துக்கும் மேல். ராணுவப் பட்டறைகளில் பிரித்துப் பூட்டும்போது எது யாருடையது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை; பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பல் ஏன் இவ்வளவு சிறிது என்பதற்கு 1940க்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு அனுப்பிய கோரிக்கையில், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று 1,300 பவுண்டுக்குள், அதாவது 600 கிலோகூட வராமல், வேண்டும் என்று எழுதியிருந்தது. பென்சில்வேனியாவின் பட்லர் ஊரிலிருந்த சின்னக் கம்பெனி பான்டம் துணிந்தது. அதற்காக வண்டியை வரைந்தவர் கார்ல் ப்ரோப்ஸ்ட். புதிதாக எதையும் வார்க்க நேரமில்லை. சந்தையில் இருந்ததைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். ஆக்ஸில், ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காருடையதை ஒட்டி டொலிடோ நகரத்து ஸ்பைசர் கம்பெனி செய்து தந்தது. செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, வண்டி ராணுவ முகாமின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

1,300 பவுண்டில் அப்படியொரு வண்டி நடக்காது என்று ராணுவமும் புரிந்துகொண்டு, வரம்பை 2,160 ஆக்கியது. பான்டமோடு போட்டிக்கு வந்த வில்லிஸின் பலம் அதன் 60 குதிரைத்திறன் எஞ்சின். பான்டம் எஞ்சினை விட அது பலசாலி, கனமும் கூட. எஞ்சினை விட்டுக்கொடுக்க அதன் பொறியாளர் பார்னி ரூஸுக்கு மனமில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டு, போல்ட்டின் நீளம் முதல் பெயிண்டின் பூச்சு வரை சுரண்டினார். அந்த எஞ்சினுக்குப் பின்னால் நின்றது வார்னர் கம்பெனியின் டி-84. சிறிய கார்களுக்குச் செய்துவந்த வரிசையைச் சேர்ந்த மூன்று கியர் பெட்டி. எஞ்சின் வளர்ந்தது, பெட்டி வளரவில்லை. பல்லைச் சிறிதாக்கியது அந்த பவுண்டுக் கணக்குதான் என்பது என் முடிவு.

ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தபோது இதற்கு இன்னொரு சாட்சி கிடைத்தது. இது ஸ்பைசர் 18. அந்தக் கம்பெனி 1946இல் டேனா என்று பெயர் மாற்றிக்கொண்டதால் இன்று டேனா 18. இதில் இரண்டு ஷிஃப்ட் ராடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்: ஒன்று முன் சக்கர இழுவைக்கு, மற்றது ஹை-லோவுக்கு. இரண்டுக்கும் நடுவே விரல் நுனி அளவில் ஓர் இரும்புத் துண்டு. முன் சக்கரத்தை இழுவையில் சேர்க்காமல் லோ போட முயன்றால் அது குறுக்கே நின்று மறித்துவிடும். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். ஃபர்ஸ்ட் 2.66, லோ 1.97, ஆக்ஸில் 4.88, பெருக்கினால் எஞ்சினின் முறுக்கு 25 மடங்குக்கு மேல். அத்தனையும் ஒல்லியான பின் ஆக்ஸிலில் மட்டும் இறங்கினால் தாங்காது. கனத்தைக் கூட்டிக் காப்பாற்ற வழியில்லாத இடத்தில், சுமையைப் பங்கு பிரித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நடு கியரைத் தாங்கும் ஷாஃப்டில் உருளைகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தது. விரல் நகம் அதில் தட்டியது. போர்க்கால ஷாஃப்ட் முக்கால் அங்குலம்தான். போர் முடிந்து எடைக் கெடுபிடி போனதும் அதே கேஸில் அது ஒன்றே அரைக்கால் அங்குலமானது. பிறகு ஒன்றேகால் ஆனது. கியர்பாக்ஸுக்கும் அதுவே நடந்தது. 1945இல் வந்த சிவிலியன் ஜீப்பில் டி-84 போய், கனமான டி-90 வந்தது. பம்பாய் மஸகானில் ஜீப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா வழியாக நம் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது இந்தத் தடித்த வாரிசுதான். மெக்கானிக்கின் கைக்குப் பழகிய பல்லும் அதுவே.

“டி-90ஐப் போட்டுருவோம் சார், சாகிற வரைக்கும் திரும்பிப் பார்க்க வேணாம்” என்றார் அவர். போடலாம், பலர் போட்டிருக்கிறார்கள். நான் பழையதையே கேட்டேன். ஃபர்ஸ்ட் கியர், சிங்க்ரோ வளையங்கள், முக்கால் அங்குல ஷாஃப்ட், உருளைகள் எல்லாம் புதிது. பின் பேரிங்கின் ஆட்டத்தை ஷிம் வைத்துச் சரிசெய்தோம். ஹேண்ட்பிரேக் டிரம் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வாலிலேயே இருப்பதால், ஆயில் சீல் கசிந்தால் பிரேக்கும் போச்சு என்று சீலையும் மாற்றினோம்.

இப்போது என் ஜீப்பை யார் கேட்டாலும் ஒரு நிபந்தனையோடுதான் சாவி தருகிறேன்: வண்டி முழுசாக நின்ற பிறகுதான் ஃபர்ஸ்ட். டி-84இன் மெலிவுக்கு டிரைவரின் காலும் கையும்தான் ஈடு கட்ட வேண்டும்.