பிடியரிசி

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணினாய். வேலை போய் 4 மாதம். போகிற இடத்திலெல்லாம் "பிறகு சொல்கிறோம்" என்கிறார்கள். விடுதி வாடகைக்குச் சிநேகிதியிடம் கடன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டாய்: "ஆச்சி, பரிபூரண ஜீவன், பரிபூரண ஜீவன்னு கோயில்ல சொல்லுதாங்களே, அது யாருக்கு? இருக்கப்பட்டவங்களுக்கா?"

அப்போது நான் பதில் சொல்லவில்லை. வாயில் பல் செட் இல்லை என்பது ஒரு காரணம். போனில் சொல்லி முடிகிற பதிலும் அல்ல அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பாவை நீ பார்த்ததில்லை. தேரி மண்ணில் பனையேறியவர். பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. விடியுமுன் இடுப்பில் அருவாள் பெட்டியும் கையில் முருக்குத்தடியுமாகக் கிளம்பிவிடுவார். 30 மரம். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது என் வேலை. அம்மா விடிலியில் புகைக்குள் நின்று காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவாள். கருப்பட்டி விற்கிற காசில் பாதி, வியாபாரி முந்தின வருசமே கொடுத்த முன்பணத்துக்குப் போய்விடும்.

அந்தக் குடித்தனத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. உலையில் அரிசி போடுமுன் அம்மா ஒரு பிடி அள்ளித் தனிப் பெட்டியில் போடுவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். பிடியரிசி என்போம். நம் பக்கத்துச் சபைகளில் பழைய வழக்கம் அது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்களே, அதற்கு வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்கவில்லை. நம் சனங்களே கொடுத்து நடத்தினார்கள். அரைவயிற்றுக்காரர்கள் இன்னோர் ஊருக்குக் கொடுக்க முடியும் என்று நினைத்ததே பெரிய காரியம்.

1960, வைகாசி. மழை பெய்த மறுநாள் காலை. மரம் வழுக்கி அப்பா விழுந்துவிட்டார். எனக்கு 9 வயது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். 20 நாள் கழித்து அதே வண்டியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி எழும்ப மாட்டார் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அம்மா மூன்று மாதம் கோயிலுக்குப் போகவில்லை. பிடியரிசியும் நின்றது. நீ கேட்டதைவிடக் கடுமையான கேள்வியை எல்லாம் அவள் அடுப்பங்கரையில் நின்று கர்த்தரிடம் கேட்டிருக்கிறாள். என் காதால் கேட்டேன். வானம் இடிந்து விழவில்லை. சங்கீதப் புத்தகத்தில் எத்தனையோ அப்படிப்பட்ட முறையீடுதானே!

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். "கர்த்தர் சோதிக்கிறார்" என்றார் ஒருவர். "ஏதோ மறைவான பாவம் இருக்கும்" என்றாள் ஒரு சொந்தக்காரி, அப்பா காதில் விழும்படி. யோபுவின் சிநேகிதர்களைப் பற்றி உனக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். காரணம் சொல்லத் தொடங்கினார்கள், கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது முறையிட்ட யோபுவையா? காரணம் சொன்ன அவர்களைத்தான்.

எங்கள் உபதேசியார் காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் பொழுது சாய வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அப்பாவின் காலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார். போகும்போது ஒரு துணி மூட்டையை வைத்துவிட்டுப் போனார். பிரித்தால் அரிசி.

அம்மா அதை முறத்தில் கொட்டினாள். சிவப்பு அரிசியும் வெள்ளை அரிசியும், புழுங்கலும் பச்சையும் கலந்து கிடந்தது. குருணை ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம். கடையில் அப்படி ஓர் அரிசி கிடைக்காது. ஊர்ப் பெண்கள் எல்லோர் வீட்டுப் பானையிலிருந்தும் வந்த பிடியரிசி. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எத்தன வீட்டுக் கை இதுல கெடக்கு பாத்தியாட்டி" என்றாள். பிறகு உலை வைத்தாள். போடுமுன் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் பழைய பெட்டியில் போட்டாள்.

அன்றைக்குச் சோறு சரியாக வேகவில்லை. ஒன்று குழைந்தது, ஒன்று விறைத்து நின்றது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். பரிபூரணம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தச் சோறுதான் நினைவுக்கு வரும்.

அப்பாவுக்கு அற்புதம் நடக்கவில்லை. நடந்தது என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். படுக்கைப் புண்ணோடு ராத்திரி ராத்திரியாக அழுதிருக்கிறார். ஒரு வருசம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் ஓலை கேட்டார். மரத்தைக் கட்டிப் பிடித்துக் காய்த்துப்போன கை. ஓலையை வளைக்கத் தெரியாது. முதல் பெட்டி தரையில் உட்காரவே இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பத்தாவது பெட்டி சந்தைக்குப் போனது. என் பள்ளிக்கூடச் சிலேட்டும் பாவாடையும் அந்தப் பெட்டிக் காசில் வாங்கியவை. 19 வருசம் அப்படியே இருந்து, முடைந்து, கண்மூடினார்.

1969-ல் நான் ஆசிரியப் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை போனேன். அங்கே ஒரு டீச்சர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொன்னார். கொச்சிப் பக்கத்துப் பெண், 1925-ல் பிறந்தவர். வேலூரில் படித்து அங்கேயே டாக்டரானவர். 1954 ஜனவரியில் கூட வேலை பார்த்தவர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு போய்விட்டது. என் அப்பாவுக்கு எங்கே போனதோ அங்கேதான்.

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர் தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். அந்த நோயில் நரம்பு செத்து விரல்கள் கொக்கிபோல மடங்கிவிடும். நன்றாக இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டினால் விரல் மறுபடி நிமிரும், பிடிக்கும். அந்த ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம். மேரிக்கு அந்த வழியைக் காட்டினார் பிராண்ட். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, உணர்ச்சியற்ற கால்களோடு, உணர்ச்சியற்ற கைகளுக்கு அவர் ஆபரேஷன் செய்யத் தொடங்கினார்.

அதோடு நிற்கவில்லை. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். 1966-ல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக அங்கே ஒரு மறுவாழ்வு நிலையம் திறந்தார்கள். பிறகு 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் காலமானார். கடைசிவரைக்கும் எழுந்து நடக்கவில்லை.

அன்றைக்கு டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய் அழுதேன். பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். அந்த மாதிரி நிலையம் ஒன்று 1960-ல் திருநெல்வேலியில் இருந்திருந்தால் அப்பாவுக்குப் புண் வராமல் பார்த்திருப்பார்கள். விசுவாசம் இருந்தால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மேரி வர்கீஸின் விசுவாசம்தான் ஆஸ்பத்திரி கட்டியது.

இப்போது சுவரெல்லாம் ஆசீர்வாதக் கூட்டம் என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். காணிக்கை போட்டால் வீடு வரும், விசா வரும். எனக்கு அது ஒட்டவே மாட்டேன் என்கிறது. உயிர்த்தெழுந்த இயேசு சீஷருக்குக் காட்டியது எதை? ஆணி அடித்த கையை. மரணத்தையே ஜெயித்தவருக்கு அந்தக் காயத்தை ஆற்றிக்கொள்ளவா தெரியாது? அப்படியே வைத்துக்கொண்டு வந்தார். தோமா அந்தக் கையைப் பார்த்துத்தான் அவரை ஆண்டவர் என்றார். காயம் ஆறிய பிறகுதான் நிறைவு வரும் என்றால் அந்த இடம் எனக்கு விளங்காது.

உன் தாத்தா போனபோது எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். அந்தக் கதை உனக்குத் தெரியும். அம்மா செய்ததைத்தான் நானும் செய்தேன். முறையிட்டேன், அழுதேன், மறுநாள் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்தேன். அந்தப் பிடியை எடுத்த நாளெல்லாம் நான் இல்லாதவள் என்ற நினைப்பு வரவில்லை. உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

சரி, உன் காரியத்துக்கு வருகிறேன். வேலை போனதை உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை அல்லவா? சொல். மறைத்து வைத்துவிட்டு ஜெபம் பண்ணினால் மனசு இன்னும் இறுகும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகப் பிடிக்காவிட்டால் கடைசி பெஞ்சில் போய்ச் சும்மா உட்கார். பாட வேண்டாம், பக்கத்தில் இருக்கிறவர்கள் பாடட்டும். என்ன ஆனாலும் தவறாமல் இரண்டு வேளை சாப்பிடு.

நாளைக்கு உன் கணக்கில் 5,000 ரூபாய் வரும். என் பென்சன் பணம். ரோசப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதே. பிடியரிசி என்று வைத்துக்கொள். உன் விடுதியில் ராத்திரி "பசிக்கவில்லை" என்று சொல்லிப் படுத்துக்கொள்கிற பெண் ஒருத்தி நிச்சயம் இருப்பாள். முதலில் அவளுக்கு ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டு மீதியைச் செலவழி.