சொன்ன திகதி

கொழும்பில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் முதலில் கேட்பது மாத வாடகை, அடுத்தது முற்பணம். வீட்டை விடும் திகதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலோ இந்த வருடம் முழுக்க அந்தத் திகதியே பேச்சாக இருந்தது.

எங்கள் கீழ்த்தளத்தில் ஏழு வருடங்களாகக் குடியிருப்பவர்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வயதான தம்பதியினர். மகன் கனடாவில். "நாநா, மார்ச் முப்பத்தொண்டோட வீட்டைத் தந்திடுவம்" என்று அங்கிள் தாமாகவே வாப்பாவிடம் சொன்னார். அதை நம்பித்தான் ஜூன் மாதத்தில் தாத்தாவின் நிக்காஹ் நிச்சயமானது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது சரியா பிழையா என்பது வேறொரு கட்டுரைக்குரியது. மச்சானின் ஊர் மாவனல்லை, வேலை கொழும்பில். கொட்டாஞ்சேனையில் ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருந்த அவரும், எங்கள் பேச்சை நம்பித் தன் வீட்டுக்காரரிடம் மே 31 என்று சொல்லிவிட்டார்.

மார்ச் முடிந்தது. வீசா வரவில்லை. வாடகை மட்டும் ஒன்றாம் திகதி தவறாமல் கடித உறையில் வந்தது. வாப்பாவைக் கண்டால் அங்கிள் கதவைச் சாத்திக்கொள்வார். மே மாதமும் முடிந்தது. இப்போது மச்சானும் சொன்ன திகதியைத் தாண்டிவிட்டார். "வாக்கு இல்லாத மனிசன்" என்று அவருடைய வீட்டுக்காரர் திட்டினாராம். அதே வார்த்தையைத்தான் எங்கள் மாமா கீழ்வீட்டு அங்கிளுக்குச் சொல்லியிருந்தார்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த இரு பக்கங்களுக்கும் இடையே அசைந்தே வந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரைக் காத்தது. அதன் கீழ் வரும் வீட்டிலிருந்து, சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் ஒருவரை வெளியேற்ற முடியாது. வழக்குக்கு அலைந்தே வயதான வீட்டுக்காரர்கள் உண்டு. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்காக வந்தது. குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து இடத்தை மீட்க, மாவட்ட நீதிமன்றத்தில் அது சுருக்கமான வழியைத் திறந்தது. "வழக்குப் போடுங்க மச்சான்" என்றார் மாமா.

வாப்பா வழக்குப் போடவில்லை. அஸர் தொழுதுவிட்டுக் கீழே போனார். "எப்போ எழும்புவீங்க?" என்று கேட்காமல், "வீசா எந்த மட்டில இருக்கு?" என்று கேட்டார். அங்கிள் கோப்பை எடுத்துக் காட்டினார். வீசா சுணங்கும் என்பது பெப்ரவரியிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. "சொல்ல வெக்கமாக் கிடந்தது, நாநா" என்றாராம். அன்ரி அழுதுவிட்டார்.

அன்றே ஒரு தாளில் புதிய திகதி எழுதப்பட்டது: ஓகஸ்ட் 31. வீசா வந்தாலும் வராவிட்டாலும் அன்று வீட்டை விடுவது. வராவிட்டால் அன்ரியின் தங்கை வீட்டுக்குப் போவது. மறுநாள் வாப்பா மச்சானுடன் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவருடைய வீட்டுக்காரரிடமும் விடயத்தைச் சொன்னார். இரண்டு வாரம் கிடைத்தது. நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. புதுத் தம்பதிக்கு என் அறை. எனக்கும் என் உயர்தரப் புத்தகங்களுக்கும் சாப்பாட்டு மேசை. இரவில் எல்லோரும் உறங்கிய பிறகுதான் படிக்க முடிகிறது. எனக்குக் கோபம் வராமல் இல்லை.

ஆனால் அந்தக் கோபம் வீசா தாமதித்ததற்காக அல்ல. அது அங்கிளின் கையில் இல்லை. பெப்ரவரியில் அவர் சொல்லியிருந்தால், மச்சான் தன் வீட்டுக்காரரிடம் வேறு திகதி சொல்லியிருப்பார். நானும் என் படிப்பை ஒழுங்குபடுத்தியிருப்பேன். வாக்கைக் காக்கச் சொல்லும் நம் மார்க்கம், கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கவும் சொல்கிறது. அவகாசம் கொடுப்பதற்கு, கஷ்டம் இன்னதென்று முதலில் தெரிய வேண்டுமே! நாம் சொல்லும் ஒரு திகதியை நம்பி, நாம் காணாத யாரோ ஒருவர் இன்னொரு திகதியைச் சொல்லிவிடுகிறார். திகதி தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே அதைச் சொல்லிவிடுவதும் வாக்கைக் காப்பதுதான்.