மண்டித் தராசில் மூக்குத்தி

"வருஷம் பூரா வரும்னு சொன்னீங்களேம்மா... பொங்கலுக்குப் போட்ட பேட்டரி பங்குனி தாண்டலீங்களே!"

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து வந்த போன் அது. கோவையில் வீட்டு மாடியிலேயே சின்னதாகத் தொழில் நடத்தும் அந்தப் பெண்ணுக்கு, அந்த வாரத்தில் வந்த நான்காவது புகார். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, நிமிடத்துக்கு ஒருமுறை ரேடியோ வழியாகச் சொல்லும் கையடக்கப் பெட்டியை அவர் செய்து விற்கிறார். 40 பெட்டிகள் வெளியே போயிருந்தன. நகையை அடகு வைத்துப் போட்ட முதல்.

பெட்டி பெரும்பாலான நேரம் தூங்கும். அப்போது அதற்குச் சில மைக்ரோ ஆம்பியர் போதும். ரேடியோ பேசும் அந்தக் கண நேரம் மட்டும் 200 மில்லி ஆம்பியர் இழுக்கும். மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்தால், ரேடியோ எழுந்ததுமே வோல்டேஜ் சரிந்து பெட்டி ரீசெட் ஆகிவிடுகிறது. அதனால் ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் அளந்திருந்தார். 8 மைக்ரோ ஆம்பியர் என்றது மீட்டர். நிம்மதி. ரேடியோ ஓடும்போது, பேட்டரி வழியில் 1 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்தார். ஒரு கோபுரம் எழுந்து இறங்கியது. அப்புறம் தரையோடு தரையாக நேர்க்கோடு. பூஜ்யம்தானே?

டிப்ளமோ படித்த பாலிடெக்னிக்குக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெங்காய மண்டித் தராசுல மூக்குத்தியை வெச்சா என்னம்மா காட்டும்?"

டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்புக்குள் வரும் வோல்டேஜை எண்ணாக மாற்றுவது ஏ.டி.சி. என்ற சிப். 8 பிட் என்றால் அதனிடம் 256 படிகள்தான் உண்டு. 200 மில்லி வோல்ட் கோபுரம் திரையில் அடங்க, அவர் 400 மில்லி வோல்ட் அளவு வைத்திருந்தார். அதை 256ஆல் வகுத்தால் ஒரு படி சுமார் 1.6 மில்லி வோல்ட். கசிவு 1 மில்லி ஆம்பியர் என்றால், 1 ஓமில் அது 1 மில்லி வோல்ட்தான். ஒரு படிகூடத் தேறாது! ஆனால் 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 83 நாளில் குடித்துவிடும்.

லேபில் இருந்தது 12 பிட் ஸ்கோப். 4,096 படிகள், ஒரு படி 0.1 மில்லி வோல்ட். அதே கோபுரம் எழுந்து இறங்கியது. கோடு மட்டும் தரையைத் தொடாமல், மயிரிழை உயரத்தில் நின்றது. ரேடியோ பேசி முடித்த பிறகும் சென்சார் தூங்கப் போகவே இல்லை.

"சார், என் ஸ்கோப்லயே ஸ்கேலைப் பெருசாக்கிப் பார்த்திருக்கலாமே?"

"கோபுரம் திரைக்கு மேல போயிடும். உள்ளே இருக்கற ஆம்ப்ளிஃபையர் திணறி, தெளியறவரைக்கும் கோட்டை நம்ப முடியாது."

அப்படியானால் கடன் வாங்கிப் புது ஸ்கோப்பா? அதற்கும் ஆசிரியர் தலையசைக்கவில்லை. பிட் எண்ணிக்கை கூடினாலும் கருவியின் சொந்த இரைச்சல் கடைசிப் படிகளை விழுங்கிவிடும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பிட் முழுசாகக் கைக்கு வருவதில்லை. (மைலேஜ் விளம்பரம் மாதிரிதான் இதுவும்.) அவர் பழைய ஸ்கோப்பையே கொண்டுவரச் சொல்லி, மெனுவில் 'ஹை ரெசல்யூஷன்' என்பதை அழுத்தினார். அடுத்தடுத்த 16 அளவீடுகளுக்குச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 2 பிட் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு இரைச்சலும் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும். வேகமான அலைகள் இதில் மழுங்கிவிடும்; நொடிக்கணக்கில் நீளும் கசிவுக்கு அந்தக் கவலை இல்லை. திரையில் கோடு மெல்ல எழும்பி நின்றது.

இரண்டு வருஷமாக அந்த ஸ்கோப் அவருடைய மேஜையில்தான் இருக்கிறது. அந்த மெனுவை அவர் திறந்ததே இல்லை.

புரோகிராமில் ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அன்று இரவே தோப்புக்காரருக்கு போன் போட்டார்.

"பெட்டியைக் கழட்டி அனுப்பட்டுங்களாம்மா?"

"வேண்டாங்கய்யா. தப்பு என்னோடது. நானே வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, லேப்டாப்பும் 40 புது பேட்டரியும் பையில் கனக்க, உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினார்.